கச்சா எண்ணெயும் அதன் பகுதிகளும்

ஹைட்ரோகார்பன் என்னும் சொல்லைக் காவிரிப் பாசனப் பிரதேசத்தில் கேளாதார் இல்லை. பொருள் அறிந்தோர் சிலரே. சங்க அங்கத்தினர்கள் அதனைத் தெளிவுற அறிதல் அவசியம்.

கரியும், ஜலவாயு எனப்படும் ஹைட்ரஜனும் மாத்திரம் கூடி உண்டாகும் வஸ்துவே ஹைட்ரோகார்பன். கரியணு ஒன்றும் ஜலவாயு அணு நான்கும் கூடியது மீதேன். நீர் தேங்கிய வயற்சேற்றில் கால் வைத்தால் குமிழியிட்டெழும் வாயுவில் இது கலந்துள்ளது. கரியணுக்கள் சங்கிலிபோல் நீள நீள, அவ்வஸ்து கொதிப்பதற்கு அதிக உஷ்ணம் வேண்டும். மூன்று, நான்கு கரியணுக்கள் உடையது அடுப்பு வாயு. அதனினும் நீண்டவை முறையே பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல். மிக நீண்டவை தார்.

பூமியினின்று எடுக்கும் கச்சா எண்ணெயில் இவை கலந்தே கிடக்கின்றன. நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் 1993-ஆம் வருஷம் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, நரிமணம் முதலிய இடங்களின் எண்ணெயைப் பிரித்தது. வாலையில் பன்னீர் வடிப்பதைப் போன்றதே இம்முறை. எண்ணெயைச் சுமார் 350 டிகிரி சென்டிகிரேட் வரை காய்ச்சி, உயர்ந்த கோபுரத்தினுள் செலுத்துவர். கோபுரத்தின் அடியில் உஷ்ணம் மிகுதி, உச்சியில் குறைவு. மேலேறும் ஆவியில் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய உஷ்ணமுள்ள தட்டில் குளிர்ந்து திரவமாகும். பெட்ரோல் மேலும், மண்ணெண்ணெய் இடையிலும், டீசல் அதன் கீழும் கிடைக்கும். ஆவியாகாதது அடியில் தங்கும்.

இவ்வறிவின் பயன் யாது? 2017-ஆம் வருஷம் ஜூன் 30-ந் தேதி கதிராமங்கலத்தில் குழாயினின்று கச்சா எண்ணெய் வயலில் கசிந்தது. 2020-ஆம் வருஷத்துச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்ததேயன்றி, முன்னரே இருந்தவற்றைத் தொடவில்லை. ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுவன:

1. இலேசான பகுதிகள் வெயிலிலேயே ஆவியாகும். அவ்வாவி காற்றினும் கனமாதலால் தரையோடு பரவித் தூரத்து நெருப்பையும் பற்றும். கசிவருகே விளக்கு, பீடி, எஞ்சின் ஆகா. மண்ணெண்ணெய் அடுப்பில் பெட்ரோல் கலத்தலும் இக்காரணத்தாலேயே அபாயகரமானது.

2. எண்ணெய் நீர்மேல் மிதந்து மடை வழியே அடுத்த வயலுக்குச் செல்லும். காற்று வரும் பக்கமாக எட்டச் சென்று, கசிவு எட்டாத மடைகளை மண்ணிட்டு அடைக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்திற்கும் கிராம அதிகாரிக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

3. நாற்றம் நீங்கியதும் நிலம் சுத்தமாயிற்று என்று எண்ணற்க. பறந்தது இலேசான பகுதியே. கனத்த பகுதி மண்ணில் தங்கிப் பயிரின் வேருக்குக் காற்றைத் தடுக்கும். மண்ணைப் பரீட்சிக்கச் செய்த பின்னரே நடவு செய்க.

இம்மூன்றையும் அடுத்த சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுதல் நலம்.