தூரத்துக் காதுக்குப் பேச வரும் பிள்ளைகளுக்கு

சிற்றலை வானொலியில் முப்பது ஆண்டு தமிழ் பேசியவன் நான். உங்கள் குரல் இன்று கைபேசிக்குள் போகிறது. கருவி மாறினாலும், கேட்பவர் முகம் நமக்குத் தெரியாது என்பது மாறவில்லை.

1. ஒரே ஒருவரிடம் பேசுங்கள். கூட்டத்தை நினைத்தால் குரல் தானாக மேடையேறிவிடும். கேட்பவரோ அடுப்படியில் தனியாக நிற்கிறார். எனக்கு மன்னாரில் ஒரு பெரியவர் இருந்தார். வலை பின்னிக்கொண்டே கேட்பவர், கடிதத்தில் மட்டும் பழக்கம். எதை எழுதினாலும் அவருக்குப் படித்துக்காட்டுவதாகவே நினைத்துக்கொள்வேன். அவர் புருவம் சுருங்குமென்று பட்ட இடத்தைத் திருத்தி எழுதுவேன்.

2. 'இங்கே', 'இன்று மாலை', 'மேற்கு மாவட்டங்கள்' என்ற சொற்களைக் கண்டதும் பேனாவை நிறுத்துங்கள். ஒருமுறை மேற்கு மாவட்டங்களில் கனமழை என்று வாசித்தேன். மூன்று வாரம் கழித்து மலேசியாவிலிருந்து ஒரு நீலநிற வான்கடிதம் வந்தது: "எந்த நாட்டின் மேற்கு, ஐயா? என் அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள்." அந்த மூன்று வாரமும் அவர் பதறியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. நேரமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் மாலை 6 மணியென்றால் சிங்கப்பூரில் இரவு 8.30, கோடையில் டொரன்டோவில் காலை 8.30. யாருக்கு மாலை வணக்கம் சொல்வீர்கள்? வெறும் வணக்கமே போதும்.

3. முக்கியமானதை இருமுறை சொல்லுங்கள். சிற்றலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல வழிகளில் வந்து சேரும். அதனால் குரல் பொங்கும், அமுங்கும். அமுங்குகிற நொடியில் எழுபதும் எண்பதும் ஒன்றாகவே கேட்கும். "எழுபது, ஏழு பூஜ்யம்" என்போம். இன்று அலை அமுங்காது. ஆனால் குழந்தை அழும், குக்கர் விசில் அடிக்கும்.

4. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி.

5. எல்லார் தமிழையும் மதியுங்கள். யாழ்ப்பாணத்தார் 'கதைத்தோம்' என்றால் பேசினோம் என்று பொருள். மலேசியத் தமிழர் காலையில் 'பசியாறுவார்கள்'. அவர்கள் சொல்லைத் திருத்தாதீர்கள். உங்கள் வட்டாரச் சொல்லை விட்டுவிடவும் வேண்டாம். பொருள் தெரியும்படி பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்தால் போதும். இந்தத் தொழிலை மேலும் அறிய, சோ. சிவபாதசுந்தரத்தின் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலைத் தேடிப் படியுங்கள். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் அவர்.

6. கேட்டவர் எழுதுவதைத் தவறாமல் வாசியுங்கள், குறை சொல்லும் கடிதத்தை முதலில். மன்னார்ப் பெரியவர் ஒருமுறை எழுதினார்: "எல்லாம் நல்லாயிருக்கு தம்பி, கடைசிச் சொல்லை மட்டும் விழுங்கிப்போடுறீர்." பழைய நாடாக்களைப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். மறுநாளிலிருந்து, கடைசி வரிக்கு முன்னால் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.