கீமோ நாட்களில் குமட்டல்: குளிசையை முந்திப் போடுங்கள்

நோத்ர-டாம்-த-கிரேஸில், வான்டோம் மெட்ரோவுக்குப் பக்கத்திலுள்ள கிளென் வளாகம் 2015இல் திறந்தது. மக்கில் பல்கலைக்கழக மருத்துவமனையின் சீடர்ஸ் புற்றுநோய் நிலையம் அங்கேதான் இயங்குகிறது. அங்கே கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் நம்மவர்களுக்கும், கூடப் போகும் பிள்ளைகளுக்கும் இது.

சத்தி வந்த பிறகு குளிசை தேடாதீர்கள். கீமோ மருந்து குடலில் செரட்டோனினைச் சுரக்க வைக்கிறது. அது நரம்பு வழியாக மூளையைத் தூண்ட, ஓங்காளம் தொடங்குகிறது. ஒண்டான்செட்ரோன் போன்ற குளிசைகள் அந்தத் தூண்டலை இடையிலேயே மறிக்கின்றன. தொடங்கிவிட்டால் அடக்குவது கடினம். ஆகவே தாதி சொன்ன நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள்.

முதல் நாள் சுகமாகப் போனால், “நல்லாத்தானே இருக்கிறன், ஏன் வீண் மருந்து” என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில் குமட்டல் மறுபடி கடுமையாகலாம். குமட்டலுக்கு டெக்சாமெதசோன் குளிசையும் தந்திருந்தால் காலையில் சாப்பாட்டோடு போடுவது நல்லது; பிந்திப் போட்டால் இரவு நித்திரை கெடும். ஒண்டான்செட்ரோன் மலச்சிக்கல் தரும், மலச்சிக்கலும் குமட்டும். அதையும் வெட்கப்படாமல் தாதியிடம் சொல்லுங்கள்.

அடுத்தது குசினி. பனிக்காலத்தில் யன்னல் பூட்டிய தொடர்மாடி வீட்டில் ஒருதரம் கடுகும் வெங்காயமும் தாளித்தால், வாசம் படுக்கையறைவரை போய் அங்கேயே நிற்கும். கறியைக் கீமோவுக்கு முந்தின நாளே சமைத்து வையுங்கள். சூடு கூடினால் வாசமும் கூடும். ஆறிய இடியப்பம், வாட்டிய பாண், உப்பு பிஸ்கற், கஞ்சி ஆகியவற்றில் ஒன்றை இரண்டு மணிக்கொருதரம் அரைக் கிண்ணம் கொடுங்கள். தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுங்கள். இஞ்சித் தேநீர் சிலருக்கு உதவும். இஞ்சி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பாசத்தில் நாம் விடும் பிழை ஒன்று உண்டு: கீமோ நாளன்று அவருக்கு மிகப் பிடித்த மீன்குழம்பை வைத்துக் கொடுப்பது. அந்தக் குமட்டலோடு அந்த ருசி ஒட்டிக்கொண்டால், பிறகு அதைக் கண்டாலே வெறுக்கும். பிடித்ததை நல்ல நாட்களுக்கு வையுங்கள். “ரெண்டு வாயாவது” என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

சிலருக்கு வான்டோமில் இறங்கும்போதே வயிற்றைப் பிரட்டும். இது மனப்பிரமை அல்ல, உடல் பழகிக்கொண்ட எதிர்வினை. இதற்கும் மருந்து உண்டு, முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து கருத்துவிட்டது, எழும்பினால் தலை சுற்றுகிறது என்றால், மருத்துவமனை தந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலும் உடனே அழையுங்கள்; இரவானாலும் விடியக் காத்திருக்க வேண்டாம். இலக்கம் கைவசம் இல்லையென்றால் 811இல் தாதி பேசுவார். சத்தியில் இரத்தம் கண்டாலோ மயங்கி விழுந்தாலோ 911.

எத்தனை தரம் சத்தி எடுத்தார், எந்த நாளில், எந்த நேரத்தில் என்று ஒரு கொப்பியில் குறித்து அடுத்த முறை கொண்டு போங்கள். அப்ரெபிட்டன்ட், ஒலன்சபின் என்று கூட்டிக் கொடுக்க இன்னும் மருந்துகள் இருக்கின்றன. “பரவாயில்லை, தாங்கிக்கொண்டேன்” என்று மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடாதீர்கள்.