நூறு கோழியும் ஒரு சூனியக்காரியும்

(மாதர் சங்கங்கள், விவசாயக் குழுக்கள், இளைஞர் வட்டங்கள் ஒன்றுகூடி வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)

"மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று வெளியூரார் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரிப்பதும் உண்டு. ஆனால் இழப்பு வந்த வீட்டில் மந்திரம் சிரிப்புக்குரிய விடயம் அல்ல. மாடு காணாமற் போனால் மை பார்ப்பவரைத் தேடிப் போகிறோம். மகன் காணாமற் போனால், காணி கைவிட்டுப் போனால், யாரைத்தான் தேடிப் போகமாட்டோம்? நற்பிட்டிமுனையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 1990இன் வன்செயலையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்ட குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இதைச் சிந்திப்பதற்குச் சிறுவர்களுக்கான ஒரு திரைப்படம் நமக்கு உதவும். படம் இந்தி மொழியில் அமைந்தது. எனினும் அதில் வரும் கிராமமும் கோழிக்கூடும் பயமும் நமக்குப் பழக்கமானவையே.

1. கதை

படத்தின் பெயர் 'மக்டீ'. சிலந்தி என்பது பொருள். 2002ஆம் ஆண்டு வெளியானது. இசையமைப்பாளராக இருந்த விஷால் பரத்வாஜ் இயக்கிய முதற் படம் இது. சூனியக்காரியாக நடித்தவர் ஷபானா ஆஸ்மி. ஸ்வேதா பாசு பிரசாத் என்ற சிறுமி இரட்டைச் சகோதரிகள் இருவராகவும் நடித்து, சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றார்.

இரட்டையரில் முன்னி என்பவள் சாது. மற்றவளோ பெரும் குறும்புக்காரி. ஊர்ப்புறத்தில் ஒரு பாழடைந்த மாளிகை. அங்கே ஒரு சூனியக்காரி இருக்கிறாள், உள்ளே போனவர் மனிதராகத் திரும்பமாட்டார், மிருகமாகவோ பறவையாகவோ மாறிவிடுவார் என்பது ஊரார் நம்பிக்கை. ஒருநாள் குறும்புக்காரியின் சேட்டையால் சினமடைந்த இறைச்சிக்கடைக்காரர், முகம் ஒன்றாய் இருந்தமையால், முன்னியைத் துரத்துகிறார். பயந்தோடிய முன்னி அந்த மாளிகைக்குள் நுழைந்துவிடுகிறாள்.

சகோதரியைத் தேடிப் போனவளிடம் சூனியக்காரி ஒரு கோழியைக் கொடுக்கிறாள். "இதுதான் உன் முன்னி" என்கிறாள். மீண்டும் சிறுமியாக்க விலையும் சொல்கிறாள்: நூறு கோழிகள்!

அன்று முதல் அந்தப் பிள்ளை வீட்டில் இரண்டு பிள்ளைகளாக நடிக்கிறாள். இரகசியமாகக் கோழிகளையும் சேர்க்கிறாள். கடைசியில் உண்மை வெளியாகிறது. சூனியக்காரி வெறும் வேடம். மாளிகைக்குள் போனவர் எவரும் மிருகமாக மாறவில்லை. அவர்களை அடைத்துவைத்துப் புதையலுக்காக நிலத்தைத் தோண்டச் செய்திருக்கிறார்கள். முன்னியும் கோழியாகவில்லை, அவள் உயிருடன் உள்ளேதான் இருந்தாள். அவளையும் மற்றவர்களையும் மீட்டது மந்திரம் அல்ல, பயந்துகொண்டே என்றாலும் உள்ளே போய்ப் பார்த்த ஒரு சிறுமியின் துணிவு.

2. சிலந்தி வலை பின்னும் விதம்

அந்தப் பிள்ளை மூடப் பிள்ளை அல்ல. ஊரையே ஏமாற்றத் தெரிந்த கெட்டிக்காரி. அப்படியிருந்தும் அவள் ஏன் ஏமாந்தாள்? மூன்று காரணங்களைக் காணலாம்.

முதலாவது, இழப்பு. அன்புக்குரியவர் திரும்பி வருவார் என்று யாராவது சொன்னால் மனம் ஆதாரம் கேட்பதில்லை.

இரண்டாவது, குற்ற உணர்வு. "என்னால்தானே இவள் போனாள்" என்ற எண்ணம் அவளை வாட்டியது. நம்மிடையேயும் "அன்று நான் அவனை வெளியே விடாமல் இருந்திருந்தால்" என்று தம்மையே நோகும் தாய்மார் எத்தனை பேர்! இப்படி நோகும் மனம் கேட்ட விலையைக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, தனிமை. வீட்டாரிடம் சொல்ல வெட்கம், ஊராரிடம் சொல்லப் பயம். ஒளித்து வைத்த துயரத்தில்தான் சிலந்தி வசதியாக வலை பின்னுகிறது.

3. நம் வாசலுக்கு வரும் சூனியக்காரர்கள்

இவர்கள் கறுப்பு உடை உடுத்தி வருவதில்லை. சிலர் கோப்பும் கையுமாக வருகிறார்கள். "உங்கள் மகன் இன்ன முகாமில் இருக்கிறான், காசு தந்தால் வெளியே எடுக்கலாம்" என்பார் ஒருவர். "கிட்டங்கிக்கு அப்பால் உள்ள உங்கள் வயற்காணிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருகிறேன், முதலில் முற்பணம்" என்பார் இன்னொருவர். "வெளிநாட்டில் வேலை, இரண்டே கிழமையில் விசா" என்பார் மற்றொருவர்.

இவர்களின் கணக்கும் அந்த நூறு கோழிக் கணக்கைப் போன்றதே. முதலில் சிறு தொகை. பின்பு இன்னும் கொஞ்சம். இடையில் நிறுத்தினால் கொடுத்ததும் வீண் என்ற பயம். இவ்வாறு தோடு போகிறது, மாடு போகிறது, அடுத்த போகத்து விதைநெல்லும் போகிறது.

4. உள்ளே போய்ப் பார்ப்பது எப்படி?

தன்னம்பிக்கை என்பது "என்னால் எல்லாம் முடியும்" என்று மார்தட்டுவது அன்று. "கேட்கும் உரிமை எனக்கும் உண்டு" என்று எழுந்து நிற்பதே தன்னம்பிக்கை. அதற்கு வழிகள் உண்டு.

காணி விடயத்தில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்துக்கு நீங்களே எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிப்பது தகவல் அலுவலரின் கடமை.

வெளிநாட்டு வேலை என்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் தொலைபேசி இலக்கத்தில் கேட்டறியுங்கள்.

காணாமற் போனோர் விடயத்தில், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன்மீது பல குடும்பங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அது நியாயமானதே. ஆயினும் அங்கே முறைப்பாடு செய்ய எந்த இடைத்தரகருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

எங்கு போனாலும் இருவராகவோ மூவராகவோ போங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுப்பவர் யார் என்பதை அந்த மறுப்பே சொல்லிவிடும்.

5. திரும்பி வராதவை

படத்தில் முன்னி திரும்பி வந்துவிடுகிறாள். நம்மில் எல்லோருக்கும் அவ்வாறு நிகழவில்லை. கடல் கொண்டுபோனவர்கள் வரமாட்டார்கள். சில வினாக்களுக்கு இன்னும் விடை இல்லை. துணிவு இருந்தால் இழந்ததெல்லாம் கிடைத்துவிடும் என்று உங்களுக்குச் சொன்னால், அதுவும் ஒரு மந்திர வார்த்தையே ஆகும்.

ஆனால் ஒன்றை நாம் செய்யலாம். இழந்தவரின் பெயரைச் சொல்லி, எஞ்சியிருப்பதையும் பறித்துச் செல்ல எவரையும் விடாதிருக்கலாம். பக்கத்து வீட்டார் தமிழரோ முஸ்லிமோ, அவர்களும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். ஒருவரிடம் வந்த தரகர் மற்றவரிடமும் வந்திருப்பார். பேசிப் பார்த்தால் வலையின் இழை தெரியும்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் ஊரில் இழப்பைக் காட்டிக் காசு கேட்டவர்கள் உண்டா? என்ன சொல்லிக் கேட்டார்கள்?
2. வெட்கத்தினால் நாம் வீட்டாருக்கும் மறைத்த துயரங்கள் எவை? அவற்றைச் சொல்ல நம் குழுவில் இடம் இருக்கிறதா?
3. அடுத்த கூட்டத்துக்கு முன், காணி பற்றிய ஒரு தகவல் கோரிக்கைக் கடிதத்தை எல்லோருமாக எழுதிப் பாருங்கள்.