வேலியறியாத் தேனீக்கள்

சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு எனப் பூவை நாடும் உயிர்க்குப் பல பெயர் கண்டது நம் மொழி. திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயம் 'அந்நஹ்ல்' எனத் தேனீயின் பெயராலேயே வழங்குகிறது. இத்துணைச் சிறப்புடைய உயிரை நாமோ தேன் என்னும் ஒரு பயன் கொண்டே அளந்து வருகிறோம். உழவர்க்கு அதனினும் பெரும்பயன் மகரந்தச் சேர்க்கையேயாம்.

பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. அவற்றின் பிசுபிசுத்த மகரந்தத்தைக் காற்றுச் சுமப்பதில்லை. பூச்சிகளே சுமத்தல் வேண்டும். ஒருமுறை புறப்பட்ட தேனீ பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே நாடுமாதலின், இப்பணிக்கு அதுவே மிகவும் ஏற்றது.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் இத்தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். முன்னாளில் பொந்துகளில் புகையூட்டி அடையைப் பிழிந்தனர்; தேனோடு புழுக்களும் அழிந்தன. 1920-களில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் ஊரகப் பணியை அங்கு நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் பெட்டி வளர்ப்பு வேரூன்றியது. சட்டங்களைச் சுழற்றித் தேனெடுப்பதால் அடை சிதைவதில்லை. அங்குப் பெருந்தேன் தருவது ரப்பர் மரம். அத்தேன் பூவில் ஊறுவதன்று. மாசி, பங்குனியில் தளிர்க்கும் இலைக்காம்பின் சுரப்பிகளில் ஊறுவது! எனினும் புழுவை வளர்க்க மகரந்தம் வேண்டுமாதலின், தென்னையும் பிற பூமரங்களும் அருகிருத்தல் இன்றியமையாதது.

1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் பெட்டிகளை வெறுமையாக்கியது. புழுக்கள் நீர்நிறைந்த பைகளாகி மடிந்தன. அதற்கு மருந்தில்லை. தப்பிய குடும்பங்களிலிருந்து இராணித் தேனீக்களை வளர்த்தும், நோயுற்ற அடைகளைப் பிற பெட்டிகளில் சேராது விலக்கியுமே தொழில் மீண்டது. இயற்கை முறை என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயின் ஓர் இடர் உண்டு. நம் பெட்டியை எத்துணைத் தூய்மையாக வைப்பினும் தேனீ வேலியறியாது; ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு சென்று மேய்ந்து வரும். அயலார் வயலில் தெளித்த நஞ்சு நம் பெட்டிக்கு வரும். சில மருந்துகளை விதையில் பூசினும் பின்னர்ப் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும். அதனாலேயே இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்றினைத் திறந்தவெளிப் பயிர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் விலக்கியது. நம்மூரில் சொந்த நிலமின்றிப் பிறர் தோட்டத்தில் பெட்டி வைத்துப் பிழைப்போர் பலர். நஞ்சின் முதல் இழப்பு அவர்க்கே.

பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பும். ஆதலின் தெளித்தே தீரவேண்டுமெனின், வேப்பெண்ணெய்க் கரைசலையேனும் தேனீக்கள் அடங்கிய மாலையில் தெளிக்கலாம். முதல்நாளே அண்டை வீட்டார்க்கு ஒரு சொல் சொல்லின், அவர் இருட்டியபின் பெட்டி வாயிலைக் காற்றோட்டமுள்ள வலையால் மூடிக்கொள்வர்.