ஒரு புள்ளி வைத்த ஆசிரியர்

ஓவிய ஆசிரியர் எங்கள் பள்ளிக்கு வராத நாள் அது. எட்டாம் வகுப்புக்கு நான் சென்றேன். தமிழாசிரியை எனக்கு ஓவியத்தில் என்ன தெரியும்? “இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள்” என்றேன். அரை மணி நேரத்தில் 34 தாள்கள் வந்தன. எல்லாவற்றிலும் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை, ஓர் ஓட்டு வீடு. எங்கள் திருவேற்காட்டில் மலை கிடையாது. ஓடுவது கூவம்.

ஒரு மாணவியின் தாள் மட்டும் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அடியில் கொஞ்சம் பழுப்பு, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மஞ்சள்.

“என்னம்மா இது? ஒழுங்கா வரைஞ்சு குடு” என்று திருப்பிக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிப் போனவள், ஐந்து நிமிடத்தில் இரண்டு மலையும் சூரியனும் வரைந்து வந்தாள். ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த வாரம், கலைத் திருவிழாவுக்கு மாணவர்களைத் தயார் செய்வதற்காக ஓவியர் எஸ்.எச். ரஸாவைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கறுப்புத் தாள்தான் கண்முன் வந்தது.

காட்டிலிருந்து பாரிஸ்

சையத் ஹைதர் ரஸா 1922இல், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பாபரியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வனத்துறைப் பணியாளர். காடும் நர்மதையும் இருட்டும் சூழ வளர்ந்த சிறுவனுக்கு வகுப்பில் கவனம் நிற்கவில்லை. அவருடைய தொடக்கப்பள்ளி ஆசிரியர் அவரை அடிக்கவில்லை. பள்ளிச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, “இதையே பார்த்துக்கொண்டிரு” என்றார். அலைந்த மனம் அந்தப் புள்ளியில் நின்றது.

நாகபுரியிலும் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பயின்ற ரஸா, 1947இல் சூசா, உசேன் முதலியோருடன் முற்போக்குக் கலைஞர்கள் குழுவைத் தொடங்கினார். 1950இல் பிரான்ஸ் சென்றார். 1956இல் அந்நாட்டின் விமர்சகர் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் வரைந்தவை பெரும்பாலும் வீடுகளும் தேவாலயங்களும் உள்ள நிலக்காட்சிகள். அறுபதுகளில் அவற்றின் கோடுகள் மெல்லக் கரைந்தன. வீடும் மரமும் மறைந்து, நிலத்தின் வெம்மையும் இரவின் அடர்த்தியும் வண்ணங்களாக மட்டும் நின்றன.

எழுபதுகளின் இறுதியில் பள்ளிச் சுவரின் அந்தப் புள்ளி அவர் திரைச்சீலைக்குத் திரும்பி வந்தது. அதற்குப் ‘பிந்து’ என்று பெயர். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த அவர், எல்லாம் தோன்றும் விதையாகப் பிந்துவைக் கருதும் இந்திய மெய்யியலில் தம் ஓவியத்துக்கு வேர் கண்டார். கறுப்பு வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் என ஐந்து வண்ணங்களில் ஐம்பூதங்களை விரித்தார். 1981இல் வரைந்த ‘மா’ (அம்மா) என்ற ஓவியத்திலும் பெரிய கறுப்புப் பிந்து உண்டு. 2016இல் தில்லியில் மறைந்த அவரை, அவர் விருப்பப்படியே மண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

நமக்குத் தெரிந்த இலக்கணமே

அரூப ஓவியம் புரியாது என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. அகத்திணையை நடத்துகிறோமே! நிலமும் பொழுதும் முதற்பொருள். மரம், பறவை, ஊர் ஆகியவை கருப்பொருள். உணர்வு உரிப்பொருள். ரஸா கருப்பொருளை விட்டுவிட்டு முதலையும் உரியையும் மட்டும் வரைந்தார் என்று சொன்னால் பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சட்டென்று பிடிபடுகிறது. நம் பிள்ளைகளோ கருப்பொருளை மட்டும், அதுவும் பார்க்காத ஊரின் கருப்பொருளை வரைகிறார்கள். அப்படிப் பழக்கியது நாம்தான்.

வகுப்பறைச் செயல்பாடு (ஒரு பாடவேளை)

1. கண்களை மூடி, தம் ஊரில் ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் நினைக்கச் சொல்லுங்கள்.
2. மூன்று வண்ணங்கள் மட்டும். வீடு, மரம், மனிதர் வரையக்கூடாது.
3. தாளின் பின்புறம் அந்தப் பொழுதைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதட்டும்.
4. “இது என்ன?” என்று கேட்காதீர்கள். “இது எந்த நேரம்? எங்கே நின்று பார்த்தாய்?” என்று கேளுங்கள்.

நான்காவது கேள்வியை நான் முதலில் கேட்டது அந்த மாணவியிடம்தான். கறுப்புத் தாளைக் கசக்காமல் நோட்டுக்குள் வைத்திருந்தாள்.

“ராத்திரி, டீச்சர். மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. கரண்ட் இல்ல. தம்பியத் தூக்கிக்கிட்டுக் கட்டில் மேல நின்னேன். அந்த மஞ்சள், எதிர்வீட்டு மாடியில யாரோ அடிச்ச டார்ச்.”

பழுப்பு எது என்று நான் கேட்கவில்லை. அந்த மழையில் எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. பின்புறம் மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதினாள். ‘நன்று’ என்று நான் கையெழுத்திட்ட மலைப்படத்தை எடுத்துவிட்டு, கறுப்புத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.