லண்டன் குளத்தில் இலையுதிர்கால நீச்சல்

செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். கோடையில் சூடேறிய நீர் அப்போது ஏறக்குறைய 17 டிகிரியில் இருக்கும். அக்டோபர் கடைசியில் 12க்குப் பக்கத்தில் வரும். நவம்பர் போகப் போக ஒற்றை இலக்கம்தான். வாரம் ஓரிரு முறை விடாமல் இறங்கினால் நீர் குளிரக் குளிர உடம்பும் பழகிக்கொள்ளும். நவம்பரில் திடீர் ஞானோதயம் வந்து குதிப்பவர்கள்தான் அவதிப்படுவார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

உயிர்காப்பாளர் இருக்கும் இடமாகப் பாருங்கள். ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் ஆண்களுக்கு, பெண்களுக்கு, இருவருக்கும் பொதுவாக என மூன்று குளங்கள் உண்டு. ஆழமானவை, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே ஏற்றவை. புதியவர்களுக்கு, 1938இல் திறந்த பார்லிமென்ட் ஹில் லைடோ என்ற திறந்தவெளி நீச்சல்தொட்டி நல்லது: சூடாக்காத நீர், சுமார் 61 மீட்டர் நீளம், தரை பளிச்சென்று தெரியும். என் ஓட்டு குளத்துக்குத்தான். கறுத்த நீரில் பழுத்த இலைகளை விலக்கிக்கொண்டு, வாத்துகளுக்கு வழிவிட்டு நீந்தும் சுகம் லைடோவில் ஏது?

கழற்றும் துணிகளை, திரும்ப உடுத்தும் வரிசையில் அடுக்கி வையுங்கள். வெளியே வரும்போது விரல்கள் சொன்னபடி கேட்காது. கம்பளித் தொப்பியோடு நீந்தலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

குதிக்காதீர்கள், ஏணி வழியே மெல்ல இறங்குங்கள். மூச்சு குப்பென்று இழுக்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை ஏணியருகிலேயே இருந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். நண்பர்கள் இங்கேதான் வேண்டும். ஒருவர் அலற, இன்னொருவர் சிரிக்க, சிரிப்பிலேயே மூச்சு வழிக்கு வந்துவிடும். பிறகு தோலெல்லாம் சுரீரென்று ஒரு விறுவிறுப்பு. அதற்காகத்தான் அடுத்த வாரமும் வருகிறோம்.

நீரின் வெப்பநிலையில் டிகிரிக்கு ஒரு நிமிடம் நீந்தலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். புதியவர்களுக்கு அதில் பாதியே போதும். உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டதை அவரவர் உணர்வது கடினம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இருவர் இருவராக நீந்துங்கள். வாயாடி திடீரென்று மௌனமானாலோ, பேச்சு குழறினாலோ, விரல்களைச் சேர்த்து வைக்க முடியாவிட்டாலோ உடனே கரையேற்றுங்கள். “இன்னும் ஒரு சுற்று” என்ற கெஞ்சலுக்கு மசியாதீர்கள்.

கரையேறிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் உடனே சூடான ஷவர் வேண்டாம், தலை சுற்றி விழக்கூடும். ஈரத் துணியைக் களைந்து, துடைத்து, முதலில் மேலுடம்பை மூடுங்கள். ஃபிளாஸ்கில் இஞ்சி டீ இருக்கட்டும், மது கூடாது. நடுக்கம் அடங்கும்வரை யாரும் கார் ஓட்டக் கூடாது. அந்த நேரமெல்லாம் அரட்டையில்தான் போகும், கேக்கைத் தாராளமாகவே கொண்டுபோங்கள்.