பருத்திக் காட்டுக்குப் போகும் இளம் ஆய்வாளருக்கு



பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் பருத்திக்கு மருந்து அடிப்பவர்களின் உள்கன்னத்திலிருந்து செல் எடுத்து, டி.என்.ஏ. சேதத்தின் அடையாளமான நுண்கருக்களை எண்ணப்போவதாக எழுதியிருக்கிறாய். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்துவிட்டது, இனி என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எண்ணுவதைப் பற்றி உன் வழிகாட்டி சொல்லிக்கொடுப்பார். யாரை எண்ணுவது, எப்போது எண்ணுவது, எண்ணிய பிறகு என்ன சொல்வது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்து அடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் நால்வர் இறந்ததாகச் செய்தி வந்தது. பருத்திச் செடி நெஞ்சு உயரம் தாண்டிவிட்டால் நாசிலை மேலே தூக்கித்தான் அடிக்க வேண்டும். அடித்ததில் ஒரு பங்கு அடிப்பவர் மேலேயே விழும். நீ போகிற ஊர்களில் இந்த நினைவு இன்னும் இருக்கும். உன்னைப் பார்த்ததும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் அந்தச் சாவுகளையும் உன் ஆய்வையும் ஒன்றாக்கிவிடாதே. மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்பிலுள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. கண்மணி சுருங்கும், எச்சில் ஒழுகும், மூச்சு திணறும். எல்லாம் சில மணி நேரத்துக்குள் நடக்கும், அட்ரோபின் ஊசியோடு ஓட வேண்டியிருக்கும். டி.என்.ஏ. சேதம் வேறு கதை. வலி இல்லை, அறிகுறி இல்லை, விளைவு தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம், தெரியாமலேயும் போகலாம். ஒரு மருந்து கொடிய நஞ்சாக இருப்பதாலேயே அது மரபணுவை உடைக்கும் என்று ஆகாது. 2023-இல் தமிழக அரசு ஆறு பூச்சிமருந்துகளை 60 நாளுக்குத் தடை செய்தது தற்கொலைகளைக் குறைக்க. அதை டி.என்.ஏ. கணக்கில் எழுதும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக இருக்கும்.

உனக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஐதராபாத்தில் ரூபாவும் இரண்டு ரெட்டிகளும் பருத்திக்காட்டுத் தொழிலாளர்களின் ரத்த வெள்ளையணுக்களில் குரோமோசோம் முறிவுகளை எண்ணி 1989-இல் வெளியிட்டார்கள். மருந்து அடித்தவர்களிடம் முறிவு அதிகம். இன்றும் மேற்கோள் காட்டப்படும் வேலை. அதைப் படித்துவிட்டுப் போ, ஆனால் உன் முடிவை அதிலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போகாதே.

ஏனென்றால் நீ செல் எடுக்கும் இடம் வாய். மருந்து அடிக்கும் ஆள் வெற்றிலை போடுவார், புகையிலை அடக்குவார், பீடி பிடிப்பார். தடையை மீறிப் பெட்டிக்கடையில் கிடைக்கும் புகையிலைப் பாக்கெட்டும் இடுப்பு மடிப்பில் இருக்கும். 1980-களில் ஹான்ஸ் ஸ்டிச் குழுவினர் வெற்றிலை மெல்பவர்களின் கன்னத்தில்தான் நுண்கருக்களை எண்ணி இந்தச் சோதனைக்கே பெயர் வாங்கித் தந்தார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தருவது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. ஆகவே உன் கேள்வித்தாளில் வெற்றிலைக்கு ஒரு கட்டம் போட்டு ‘ஆம், இல்லை’ என்று முடித்துவிடாதே. எத்தனை ஆண்டாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என்றும் கேள். அக்கா, அண்ணே என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் சொல்வார்கள். படிவத்தை நீட்டினால் எல்லாரும் உத்தமர்கள்தான்.

கேள்வித்தாள்களில் அடிக்கடி விடுபடுவது சாப்பாடு. போலேட் என்னும் பி உயிர்ச்சத்து குறைந்தால் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில் புகுந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய வெட்டும்போது டி.என்.ஏ. இழையே முறிகிறது; நுண்கரு கூடுகிறது. கூலிக்கு மருந்து அடிப்பவர் வாரத்தில் எத்தனை நாள் கீரையும் பயறும் சாப்பிடுகிறார்? தட்டில் விழாத கீரை, மேலே விழுந்த மருந்தைப் போலவே உன் கண்ணாடித் தகட்டில் தெரியும். இதைக் கேட்காமல் வந்தால் வறுமையை எண்ணிவிட்டுப் பூச்சிமருந்து என்று எழுதுவாய்.

ஒப்பீட்டுக் குழுவை உன் கல்லூரி ஊழியர்களிலிருந்து எடுக்காதே. அவர்களுக்கும் கூலிக்காரருக்கும் மருந்து ஒன்றுதான் வித்தியாசமா? அரியலூரிலிருந்து எடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். எந்த அரியலூர்? சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரத்தில் இருப்பவர் சுவாசிப்பது டீசல் புகையும் தூசியும். டீசல் புகை 2012-இல் முதல் வகைப் புற்றுக் காரணியாக அறிவிக்கப்பட்டது. படிகச் சிலிக்காத் தூசி 1997-லேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்து முந்திரிக் காட்டு ஊர்களிலும் மருந்து உண்டா என்று விசாரித்துக்கொள். முந்திரிக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த காசர்கோட்டின் கதை தெரிந்தவர்கள் முந்திரித் தோப்பைச் சுத்தமான இடம் என்று எழுதமாட்டார்கள். அதே ஊரில், அதே கூலியில், அதே வெற்றிலைப் பழக்கத்தோடு, மருந்து மட்டும் அடிக்காத ஆட்களைத் தேடு. ஆடு மேய்ப்பவர்கள் கிடைப்பார்கள்.

நுண்ணோக்கியைப் பற்றி ஒன்றே ஒன்று. 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் ஏரியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது ஞாபகம் இருக்கும். நிலவியலாளர்கள் வந்து அம்மோனைட் படிவ உருண்டைகள் என்றார்கள். ஜீம்சா சாயம் போட்டால் கெரட்டின் துகளும் அப்படித்தான் உன்னை ஏமாற்றும். ஃபுல்ஜென் சாயமே போடு. நுண்கருவின் விட்டம் முதன்மைக் கருவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறதா, நிற அடர்த்தி ஒத்திருக்கிறதா, அதே குவியத்தில் தெரிகிறதா என்று பார். ஆளுக்கு 2,000 செல். தகட்டில் பெயர் இருக்கக் கூடாது. யாருடையது என்று தெரியாமல் எண்ணு.

இனி, நீ கேட்காத ஒன்று. பெரம்பலூர் பருத்தி மாவட்டம் மட்டுமல்ல, மக்காச்சோள மாவட்டமும். டி.என்.ஏ.வை உடைக்கும் பொருள் எது என்று என்னைக் கேட்டால், அந்தக் கரிசல் மண்ணில் நான் முதலில் தேடுவது மருந்து டப்பாவை அல்ல, சோளக் குவியலை. தை, மாசியில் அறுத்த கதிரைச் சாலையில் கொட்டி உலர்த்துவார்கள். இடையில் ஒரு மழை பெய்தாலோ, சரியாகக் காயாமல் சாக்கில் கட்டினாலோ ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு அஃப்ளாடாக்சின். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை வெளியேற்றப் பார்க்கிறது. அந்த முயற்சியிலேயே அதை எபாக்சைடாக மாற்றிவிடுகிறது. அது டி.என்.ஏ.வின் குவானினில் போய் ஒட்டுகிறது. அஃப்ளாடாக்சின் அதிகம் புழங்கும் சீனப் பகுதியிலும் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும் கல்லீரல் புற்றுக் கட்டிகளில் பி53 மரபணுவின் 249-ஆவது கோடானில் ஒரே மாதிரி மாற்றம் இருந்ததை 1991-இல் கண்டார்கள். குற்றவாளி கைரேகையை விட்டுச் சென்ற வழக்கு இது. பூச்சிமருந்துகளில் எதற்கும் இவ்வளவு தெளிவான சாட்சி இல்லை.

1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் இறந்தார்கள். நம்மூரில் மக்காச்சோளத்தை யாரும் களியாகத் தின்பதில்லை, அது கோழிக்கும் மாட்டுக்கும்தானே என்பாய். சரி. மாடு தின்றால் பாலில் எம்1 என்ற வடிவில் வருகிறது. காய்ச்சினாலும் போகாது. 2019 அக்டோபரில் வெளியான தேசியப் பால் ஆய்வில் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88-இல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயத்துக்காகப் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தபோது எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான் ஓடியது. தடை சரிதான். ஆனால் புண்ணாக்குச் சாக்கில் படியும் பச்சைப் பூஞ்சைக்கு எந்தக் கேமராவும் வரவில்லை.

ஆகவே இரண்டு மூன்று கேள்வி கூடுதலாகச் சேர்த்துக்கொள்: பால் சொந்த மாட்டுடையதா, தீவனம் எங்கே சேமிக்கிறார்கள், மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டார்களா. அந்த வைரஸும் அஃப்ளாடாக்சினும் சேர்ந்தால் கல்லீரல் புற்று ஆபத்து பன்மடங்கு ஏறும்.

முடிவு வந்த பிறகு ஒருவர் கட்டாயம் கேட்பார்: ‘எனக்கு எத்தனை வந்திருக்கு, எனக்குப் புற்றுநோய் வருமா?’ உன் சோதனைக்கு அந்தப் பதில் தெரியாது. அது ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும், தனி ஆளைப் பற்றிப் பேசாது. ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் சேதம் நடக்கிறது. உடம்பே பழுது பார்க்கிறது. அதைக் கண்டறிந்ததற்குத்தான் லிண்டால், மாட்ரிச், சன்கர் மூவருக்கும் 2015-இல் நோபல். இதைச் சொல். கூடவே, முழுக்கைச் சட்டை போடாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடித்தால் எந்தப் பழுதுபார்ப்பும் ஈடுகொடுக்காது என்பதையும் சொல். ‘வராது’ என்று ஆறுதல் சொல்வதும் ‘வந்துவிடும்’ என்று மிரட்டுவதும் ஒரே பொய்தான்.

காலத்தைத் தவறவிடாதே. கன்னத்தின் அடித்தட்டுச் செல்லில் ஏற்பட்ட சேதம் மேலே வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மருந்து அடித்த மறுநாள் எடுத்தால் போன மாதத்தைத்தான் எண்ணுவாய். தெளிப்பு தொடங்குமுன் ஒரு தடவை, தெளிப்பு உச்சமடைந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தடவை, அதே ஆட்களிடம் எடு. ஆடி முடிவதற்குள் முதல் சுற்றை முடித்துவிடு. ஆங்கிலக் கட்டுரை வெளிவரக் காத்திராமல் அந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொடு. மாசியில் மறுபடி போகும்போது தானிய ஈரப்பதமானி ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போ; 14 சதவீதத்துக்கு மேல் காட்டும் சோளத்தைச் சாக்கில் கட்ட விடாதே.